தேயிலை ஸ்டோரில் ஆளுக்கொரு ஒளிப்பிடம்

என் இடது கால் வலது காலைவிடக் கொஞ்சம் கட்டை. பிறவியில் அப்படி இல்லை. கல்யாணமான புதிதில், இலங்கையில் ஓப்பநாயக்கப் பக்கத்து மலையொன்றில் கொட்டும் மழைக்குள் கூடையோடு சறுக்கினேன். மேலே நின்றவள் கீழே பள்ளத்தில் போய்க் குந்தினேன். கூடை முதலில் வந்து சேர்ந்தது, பிறகு நான். கொழுந்து அதிகம் சிந்தவில்லை என்று எங்களை மேய்க்கும் கங்காணிக்கு ஒரே சந்தோஷம். எலும்பு கூடியபோது கோணலாகக் கூடிவிட்டது. அதற்குப் பிறகும் சமதரையில் ஜோராகத்தான் நடந்தேன். செங்குத்து மலையில் மாத்திரம் நிற்க முடியாது. நின்றால் மறுபடியும் பள்ளம்தான்.

தோட்டத்தில் பெண்பிள்ளைக்கு மலையை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. என் நல்ல காலம், அந்த நேரத்தில் ஸ்டோரில் குச்சி பொறுக்க ஆள் வேண்டியிருந்தது. தேயிலைத் தொழிற்சாலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். காய்ந்து சலித்து வரும் தேயிலையைப் பெஞ்சில் பரப்பி, அதில் கிடக்கும் சிவப்புக் குச்சிகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும். உட்கார்ந்து செய்யும் வேலை. வாயும் அரட்டைக்குச் சும்மா இருக்கும். எனக்கென்றே கடவுள் செய்து வைத்த உத்தியோகம்.

என் புருஷனுக்கும் ஸ்டோரில்தான் வேலை. அவர் மேல் மாடிக்காரர். மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் பரப்பி வாட வைப்பது அவர் பொறுப்பு. கொழுந்து வாடிவிட்டது என்று அவர் சொன்னால்தான் கீழே உருட்டும் இயந்திரம் ஓடும். எங்கள் இரண்டு பேர் பெயரும் செக்ரோல் என்ற கூலிப் பதிவில் இருந்தபடியால், லயம் என்ற வரிசை வீடுகளில் எங்களுக்கென்று தனி அறை கிடைத்தது. ஒருவர் பெயர் மட்டும் உள்ள குடும்பத்துக்குத் தனி அறை கிடையாது. என் பெயரை வெட்டினால் மாமியார் அறையில் ஒரு மூலைக்குப் போக வேண்டும். மாமியார் தங்கமானவர். பக்கத்து லயத்தில் இருக்கும்வரை தங்கம்தான்.

ஆகவே ஸ்டோர் ஓடுவதில் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரப் பெரிய தொரைக்கு இருந்த அக்கறையைவிட எனக்கு அதிகம் இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஸ்டோரின் உயிர் ரயிலில் இருந்தது. வாரத்தில் ஒரு நாள், ஓப்பநாயக்க ஸ்டேஷனில் எங்கள் பெட்டிகளுக்காக ஒரு சாமான் வண்டியில் இடம் விட்டிருப்பார்கள். பெட்டிகள் மாட்டு வண்டியில் போய் அதில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அடுத்த வாரம்வரை ஸ்டேஷன் கொட்டகையில் ஈரம் குடித்துக் கிடக்கும். கொழும்பில் ஏலக்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்பு கடிதமாகத் தொரை பங்களாவுக்கு வரும். அங்கிருந்து அது எங்கள் தலையில் இறங்கும்.

ஒரு மழைக்காலத்தில் அடுத்தடுத்து ரயிலைத் தவறவிட்டோம். தொரை குதிரையில் வந்து ஸ்டோர் வாசலில் நின்று, தனக்குத் தெரிந்த தமிழில் தீர்ப்புச் சொன்னார்.

"இனி ஒரு தரம் ரயில் போனா, ஸ்டோர் மூடு. கொழுந்து எல்லாம் கீழே பெரிய ஸ்டோர் போகும். பொம்பளை எல்லாம் மலைக்குப் போ."

குதிரை திரும்பிப் போன பிறகும் நான் குச்சி பொறுக்கவில்லை. பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் மெல்ல இடித்தாள்.

"ஏன் அக்கா மூஞ்சிய தொங்கப் போட்டுட்டீங்க? உங்களுக்கு மலை வேலை சுகம்தானே. மேல கொண்டுபோய் விட்டுட்டா போதும், உருண்டுகிட்டே கிள்ளிக்கிட்டு வந்துருவீங்க."

"உருளுறப்ப உன் கொண்டையப் புடிச்சுக்கிட்டுத்தான்டி உருளுவேன். பொறுக்கு."

சிரித்தோம். ஆனால் அன்று முழுக்க என் கை குச்சியை விட்டு நல்ல தேயிலையைப் பொறுக்கியது.

ரயிலை ஏன் தவறவிட்டோம் என்று கேட்டால் எல்லோரும் வானத்தைக் காட்டுவார்கள். வானத்தின் மேலும் தப்பு உண்டுதான். எங்கள் பக்கத்து மழைக்கு ஒழுங்கு கிடையாது. ஒரு நாள் வெயில் அடித்தால் கொழுந்து குதித்துக்கொண்டு வளரும், நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் இடம் போதாது. அடுத்த நாள் அடைமழை பிடித்தால் கூடையில் பாதிகூட வராது. வெயில் நாளில் மத்தியானம் பரப்பிய கொழுந்து விடிவதற்குள் வாடிவிடும். மழை நாளில் அது படுத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும், வாடுவேனா என்னும்.

மழை அப்படி என்று எல்லோருக்கும் தெரிந்ததால் ஆளுக்கு ஆள் ஒரு தற்காப்புச் செய்துகொண்டார்கள். அதில்தான் வினை.

கங்காணியை எடுத்துக்கொள்ளுங்கள். என் புருஷனுக்குச் சித்தப்பா முறை. கொழுந்து நிறைய வரும் நாளில் எல்லாவற்றையும் நிறுத்துக் காட்டிவிட்டால், வராத நாளில் ஏச்சு வாங்க வேண்டுமே? அதனால் சில சாக்குகளை ஒதுக்கி ஒளித்து வைப்பார். நாளைக்குக் குறைந்தால் அதை எடுத்துச் சேர்த்துவிடலாம் என்று நினைப்பு. பச்சைக் கொழுந்து சாக்குக்குள் அடைந்து கிடந்தால் சூடேறிச் சிவந்து புளித்துப் போகும் என்பது அவருக்கும் தெரியும். தன் சாக்கு மட்டும் அப்படிச் செய்யாது என்று ஒரு நம்பிக்கை.

என் புருஷன் ஒளித்தது நேரத்தை. கொழுந்து விடிகாலை நாலு மணிக்கு வாடிவிடும் என்று தோன்றினால் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் ஐயாவிடம் ஆறு மணி என்பார். நாலு மணிக்கே வாடிவிட்டாலும் வாயைத் திறக்க மாட்டார். தட்டுகளுக்கு நடுவில் ஒரு சாக்கை விரித்துக் கண்ணை மூடிக்கொள்வார். நான் ஒரு நாள் கேட்டேன்.

"வாடிருச்சுன்னா வாடிருச்சுன்னு சொல்லித் தொலைக்கிறதுதானே?"

"உனக்கென்ன தெரியும்? இன்னிக்கு நாலு மணிக்குக் குடுத்தா, நாளைக்கும் நாலு மணிக்குக் கேப்பாங்க. நாளைக்கு மழை பெஞ்சா நீயா வந்து ஊதி ஊதி வாட வைப்ப?"

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

பெஞ்சுக்காரிகளான எங்களுக்கும் ஒரு ஒளிப்பிடம் உண்டு. சுத்தமாகப் பொறுக்கி முடித்த தேயிலையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெஞ்சுக்கு அடியில் உள்ள பழைய பெட்டிகளில் கொட்டி, மேலே சாக்குப் போட்டு, அதன்மேல் என் கட்டைக் காலை வைத்துக்கொள்வேன். பாவம், கால் வலிக்கிறது என்று ஐயாவும் ஒன்றும் கேட்க மாட்டார். கை ஓடாத நாளில் அதிலிருந்து எடுத்துக் காட்டலாம்.

வண்டிக்கார நானா கஹவத்தைப் பக்கத்துச் சோனக முஸ்லிம், நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். வண்டி மூன்று மணிக்குப் புறப்பட்டாலும் ரயிலைப் பிடித்துவிடும். அவரோ, "பன்னெண்டு மணிக்குப் பொட்டி ஏறணும், இல்லாட்டி நான் பொறுப்பில்ல" என்று சத்தியம் செய்வார். டீமேக்கர் ஐயா கேகாலைப் பக்கத்துச் சிங்களவர், நல்ல மனுஷன். அவர் தன் பங்குக்கு ஸ்டோர் சுவர் மணிக்கூட்டை முன்னால் தள்ளி வைத்திருந்தார். யாருக்கும் தெரியாது என்பது அவர் நினைப்பு. கோழி கூவும் முன்பே ஸ்டோரில் விடிந்துவிடுவதை நாங்கள் கவனிக்காமல் இருப்போமா?

இதனால் என்ன ஆயிற்று என்றால், ஒருவர் சொல்லும் நேரத்தை மற்றவர் நம்புவதில்லை. ஐயா சொன்னால் அதில் கொஞ்சம் கழித்துக்கொள்வோம். நானா சொன்னால் அதில் பாதியைக் கழிப்போம். கழித்துக் கழித்து, உண்மையிலேயே நேரமாகிவிட்ட அன்று யாரும் அவசரப்பட மாட்டோம். எல்லோர் கையிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ரயில் மட்டும் போயிருக்கும்.

தொரை தீர்ப்புச் சொன்ன அந்த வாரம் எல்லோரும் பயந்துபோய், இன்னும் அதிகமாக ஒளித்தார்கள். நானும்தான்.

ரயில் நாளுக்கு முந்தின நாள். காலையிலிருந்தே மழை. ஐயா பெட்டி கட்டும் இடத்தில் நின்று எண்ணிப் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டார். பெட்டிகள் போதவில்லை. உருட்டும் இயந்திரம் கொழுந்து இல்லாமல் சும்மா நின்றது. மாடியிலிருந்து, "இன்னும் வாடலைங்க" என்று என் புருஷனின் குரல் தூங்கி எழுந்த மாதிரி வந்தது.

அந்த நேரத்தில்தான் வெளியே கூச்சல்.

"மாட்டுக் கொட்டகை பத்திக்கிச்சு! பொகை வருது, ஓடியாங்க!"

வாளியும் பானையுமாக எல்லோரும் ஓடினார்கள். நான் என் வேகத்தில் பின்னால் போனேன். வண்டிக்கார நானாவின் மாடுகள் கட்டும் கொட்டகையிலிருந்து வெள்ளையாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. மழைக்குள் எப்படி நெருப்புப் பிடிக்கும் என்று யாருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. கங்காணி மட்டும் ஓடவில்லை. பல்வலிக்காரனைப் போல ஒரு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

வைக்கோலை விலக்கினால், உள்ளே கொழுந்துச் சாக்குகள். சுவர் ஓரமாகக் கங்காணி அடுக்கியிருந்தார். ஐயா ஒன்றை அவிழ்த்துக் கையை விட்டார், விட்ட வேகத்தில் எடுத்தார். அவித்த கீரை மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. புளித்த நாற்றம் வேறு. நானாவின் செவலை மாடு சாக்கோடு சாக்காகச் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றது. இந்தக் குளிருக்கு அதற்கு இலவச ஒத்தடம்.

நானாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன வேல இது கங்காணியார்? என்ட மாட்ட அவிக்கப் பாத்தீங்களா? என்ட கொட்டகதான் கெடச்சிச்சா?"

கங்காணி கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

"நாளைக்குக் கொழுந்து கொறஞ்சா யாரு ஏச்சு வாங்குறது? நீயா? ஒரு ரெண்டு சாக்கு ஒதுக்கி வச்சது ஒரு குத்தமாய்யா?"

"ரெண்டு சாக்கா? சித்தப்பாவுக்கு எண்ணத் தெரியாது போல" என்று என் புருஷன் சிரித்தார். கூச்சல் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தார். கன்னத்தில் சாக்கின் வரி பதிந்திருந்தது.

ஐயா சாக்கை மறுபடி கட்டினார். மழையில் நனைந்துகொண்டே, "முடிஞ்சுது. நாளைக்கு ரயில் இல்ல. ஸ்டோர் மூடு" என்றார், தொரையின் குரலிலேயே.

எனக்கு மாமியாரின் அறை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அந்த மூலை, அந்த இருமல், அந்த மிளகாய்த்தூள் டப்பாவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கும் அழகு. என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"ஐயா, மாடியில கொழுந்து விடியக்குள்ளேயே வாடிருச்சுங்க."

என் புருஷன் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

"யாருடி சொன்னா?"

"விடிய நான் டீத்தண்ணி கொண்டாந்தேனே, அப்ப தொட்டுப் பாத்தேன். கைக்குட்ட மாதிரி கெடக்கு. நீங்க கொறட்டை விட்டுக்கிட்டு இருந்தீங்க."

"ஓஹோ! அப்ப உன் பெஞ்சுக்கு அடியில என்னா இருக்குன்னு நான் சொல்லட்டுமா? ஐயா, இவ கால் வச்சிருக்கிற சாக்க தூக்கிப் பாருங்க. நல்ல தேயில. பெட்டி பெட்டியா!"

பக்கத்துப் பெஞ்சுக்காரி என் பின்னால் ஒளிந்துகொண்டாள். நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அல்லாவே, புருஷன் பொஞ்சாதி சண்டையில ஸ்டோரே வெளிய வருது!"

சிரித்தால் நான் சும்மா விடுவேனா?

"சிரிங்க நானா, சிரிங்க. மூணு மணிக்கு வண்டி புடிச்சாலும் ரயிலுக்குப் போயிரலாம்னு போன பெருநாளைக்கு யாரு என்கிட்ட சொன்னது? பன்னெண்டு மணின்னு ஐயாவப் போட்டுப் படுத்துறீங்களே!"

நானாவின் சிரிப்பு பாதியில் நின்றது. கொஞ்ச நேரம் மாட்டைத் தடவினார். பிறகு வானத்தைப் பார்த்துச் சொன்னார்.

"எல்லாருட பொய்யும் செல்லியாச்சு. ஸ்டோர் மணிக்கூட்டுட பொய்ய யாரும் செல்லல்லியே."

எல்லோரும் ஐயாவைப் பார்த்தோம். அவர் முகம் முதலில் சிவந்தது. பிறகு உதடு துடித்தது. பிறகு அவித்த கொழுந்துச் சாக்கின் மேலேயே உட்கார்ந்து, சூடு பட்டு எழும்பி, சிரிக்கத் தொடங்கினார்.

"ஹரி, சரிதான். எல்லாம் கள்ளன். நானும் கள்ளன். இப்ப போய் எல்லாம் வெளிய எடுங்க."

மாடியில் வாடிக் கிடந்த கொழுந்து அரை மணியில் இறங்கியது. இயந்திரம் ஓடியது. எங்கள் பெஞ்சுக்கடியிலிருந்து வந்த தேயிலையிலேயே குறைந்த பெட்டிகளில் முக்கால்வாசி நிறைந்துவிட்டது. மறுநாள் நானா உண்மையான மூன்று மணிக்கு வண்டியைக் கட்டி, பெட்டிகளோடு ஸ்டேஷனுக்குப் போனார். திரும்பி வந்தவர் ஸ்டோர் வாசலில் நின்று தலைப்பாகையை அவிழ்த்து உதறினார்.

"என்ன நானா, புடிச்சீங்களா?" என்று ஐயா பதறினார்.

"புடிக்காம? நாங்க எல்லாரும் நேரத்துக்குப் போனா, ரயில் ரெண்டு மணித்தியாலம் சொணங்கி வருது. அதுக்கும் ஒரு கங்காணி ஈக்கிறான் போல!"

அந்தத் தடவை ஸ்டோர் தப்பியது. ஆனால் மழைக்காலம் முடியவில்லை. ஒளித்து வைத்தது எல்லாம் வெளியே வந்துவிட்டதால் இப்போது யாரிடமும் மிச்சம் இல்லை. அடுத்த வாரம் என்ன செய்வது என்று ஆளை ஆள் கேட்டுக்கொண்டோம். ஐயா எங்களைப் பெட்டி கட்டும் இடத்துக்குக் கூப்பிட்டார். அதன் பக்கத்தில் ஈயத்தாளும் ஆணியும் போட்டு வைக்கும் சின்ன அறையொன்று இருந்தது. அதைக் காலி பண்ணியிருந்தார்.

"பயம் எல்லாருக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு" என்றார். "ஆள் ஆள் தனியா வச்சா, ஒருத்தருக்கும் உதவி இல்ல. பயத்த எல்லாம் இந்த அறையில வைப்போம்."

வெயில் நாட்களில் மிஞ்சும் தேயிலையைப் பெட்டி கட்டி அந்த அறையில் அடுக்குவது என்று முடிவானது. அறையில் ஒரு ஜன்னல். பெட்டி அடுக்கு ஜன்னலின் அடிக் கட்டைக்கு மேலே நின்றால் அவரவர் வேலையை அவரவர் பார்க்கலாம், யாரையும் யாரும் ஏசக் கூடாது. கட்டைக்குக் கீழே இறங்கினால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எங்கே தடங்கலோ அங்கே ஓட வேண்டும். சுவர் மணிக்கூடு சரியான மணிக்குத் திரும்பியது. அன்று எங்களுக்கு ஒரே நாளில் இரண்டு மத்தியானம் வந்த மாதிரி இருந்தது.

சொல்வது சுலபம். என் புருஷனின் வாய்க்கு உண்மை பழகக் கொஞ்ச காலம் பிடித்தது. "நாலு மணிக்கு வாடும்" என்று சொல்லிவிட்டு ஈயை விழுங்கியவர் மாதிரி நிற்பார். முதல் சில நாட்கள் அவர் நாலு மணி என்றால் கீழே உள்ளவர்கள் இரண்டு மணிக்கே வந்து நின்றார்கள், பழைய பழக்கம். அப்புறம் ஒரு நாள் அவர் நாலு மணி என்று சொல்லி, மழை இறுக்கிப் பிடித்து, விடிந்து பத்து மணியாகியும் கொழுந்து வாடவில்லை. படியில் பாதி இறங்கி, மறுபடி மேலே ஏறித் தட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். இனி ஆறு மணி என்றே சொல்லித் தொலைக்கலாம் என்று நினைத்திருப்பார்.

"ஐயா, வாடலைங்க. சொன்ன நேரத்துக்கு இல்லைங்க."

ஐயா சின்ன அறைக் கதவைத் திறந்து பார்த்தார். பெட்டிகள் ஜன்னல் கட்டைக்கு மேலே நின்றன.

"சரி. வாடுறப்ப சொல்லு."

அவ்வளவுதான். என் புருஷன் அன்று வீட்டுக்கு வந்து, "ஏசவே இல்லடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஏச்சு வாங்காததில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது. அதற்குப் பிறகு அவர் மாடியில் தூங்குவதை நிறுத்திவிட்டார் என்று சொல்ல வரவில்லை. கொழுந்து வாடாத நேரத்தில் மட்டும் தூங்கினார்.

ஒரு வாரம் அடுக்கு கட்டைக்குக் கீழே இறங்கியது. கங்காணி தன் ஆட்களில் கொஞ்சப் பேரை மலையிலிருந்து இறக்கி எங்கள் பெஞ்சில் உட்கார வைத்தார். நானாவும் சும்மா நிற்கவில்லை, பெட்டிக்கு ஆணி அடிக்கிறேன் என்று சுத்தியலை வாங்கித் தன் கட்டை விரலையே அடித்துக்கொண்டார். "நானா, பொட்டி இங்க இருக்கு" என்று பக்கத்துப் பெஞ்சுக்காரி காட்டிக் கொடுத்தாள். அந்த வாரமும் ரயில் கிடைத்தது. மழைக்காலம் முடியும்வரை கிடைத்தது.

எல்லாம் நன்றாகப் போகும்போதுதான் பெரியவர்களுக்குக் கண் உறுத்தும். ஒரு நாள் தொரை ஸ்டோருக்குள் வந்தார். சின்ன அறையை எட்டிப் பார்த்தார். மூக்கு விடைத்தது.

"இது என்ன? நல்ல தேயிலை சும்மா தூங்குது?"

"மழை வந்தா தேவைப்படும் சார்" என்றார் ஐயா.

"மழை எங்கே? வெயில். இனி மூணு நாள்ல ரயில் இருக்கு. எல்லாம் அதுல அனுப்பு."

"யெஸ் சார்" என்பதைத் தவிர ஐயாவுக்கு வேறு இங்கிலீஷ் வரவில்லை.

தொரை போன பிறகு எல்லோரும் சின்ன அறை வாசலில் கூடினோம். பெட்டியெல்லாம் போய்விட்டால் அடுத்த மழையில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மறுபடி ஆளுக்கு ஆள் ஒளிப்பார்கள், மறுபடி ரயில் போகும், ஸ்டோர் மூடும், நான் மாமியார் அறை மூலைக்குப் போவேன். என் புருஷன் அப்போதே முணுமுணுத்தார்: "இனி நான் ஆறு மணின்னுதான் சொல்லப் போறேன்."

"சொல்லிப் பாருங்க" என்றேன். வேறு யோசனை எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

தொரைமாருக்கு ஒரு குணம். எங்களை என்ன சொன்னாலும் எங்கள் சாமியை மட்டும் தொட மாட்டார்கள். தொட்டால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஒருவரும் வர மாட்டோம் என்று தெரியும். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் என் அம்மிக் குழவியை எடுத்துக் கழுவினேன். மஞ்சள் பூசினேன், பொட்டு வைத்தேன். மறுநாள் விடிய அதை மடியில் கட்டிக் கொண்டுபோய்ச் சின்ன அறைப் பெட்டி அடுக்கின் உச்சியில் நட்டு வைத்தேன். பக்கத்துப் பெஞ்சுக்காரி செவ்வரளி மாலை கட்டிப் போட்டாள். கங்காணி வந்து பார்த்தார், வாயைத் திறந்தார், மூடினார், போய் ஒரு சூலம் கொண்டுவந்து நட்டார். ஐயா வந்து பார்த்து ஒரு விளக்கு ஏற்றி வைத்தார். நானா கதவுக்கு வெளியே நின்று, "நான் ஒண்டும் காணல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ரயில் நாளுக்கு முதல்நாள் பெட்டிகள் கிளம்பிவிட்டதா என்று பார்க்கத் தொரை வந்தார். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"இது யாரு?"

"சாமிங்க தொரை" என்றேன்.

"எவ்வளவு நாள் இங்கே?"

கங்காணி இமைகூடக் கொட்டவில்லை.

"ரொம்பக் காலமாங்க தொரை. இந்த மலையில தேயிலை நடுறதுக்கு முந்தியே."

அந்த அறையில் ஆணியையும் பெட்டியையும் தவிர எந்தச் சாமியும் இருந்ததில்லை என்று எல்லோரையும்விடத் தொரைக்கு நன்றாகத் தெரியும். அவர் குனிந்து சாமியின் முகத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். பல வருஷம் மிளகாய் அரைத்த குழவி, எவ்வளவு கழுவினாலும் காரம் போகுமா? தொரை ஒரு தும்மல் போட்டார். அடுத்தது போட்டார். தொப்பி கீழே விழுந்து உருண்டது.

"சாமி உத்தரவு குடுத்துருச்சுங்க தொரை" என்றாள் பக்கத்துப் பெஞ்சுக்காரி, கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே.

ஐயா சுவர்ப்பக்கம் திரும்பி இருமினார். அவர் தோள் குலுங்கியது. தொரை தொப்பியை எடுத்துத் தட்டி, என்னைப் பார்த்தார். அவர் நீலக் கண்ணில் ஏதோ ஒன்று மினுங்கியது. அது தும்மல் தண்ணீரா, வேறேதாவதா என்று நான் கேட்கவில்லை.

"சாமிக்கு எவ்வளவு பெட்டி வேணும்?"

"ஜன்னல் கட்டை வரைக்குங்க தொரை. அதுக்கு மேல சாமிக்கு ஆசை கெடையாது."

"ஆல்ரைட். மேலே உள்ளது அனுப்பு. சாமி பெட்டி தொடாதே."

அதோடு அறை தப்பியது. ஸ்டோரும் தப்பியது. என் பெயர் செக்ரோலில் இருந்தது, அறை எங்களுக்கே இருந்தது. பழைய பெட்டியை ரயிலுக்கு ஏற்றி அந்த இடத்தில் புதுப் பெட்டியை வைக்கும்போதெல்லாம் ஐயா குழவியைப் பார்த்து, "சாமி, கொஞ்சம் தள்ளி இருங்க" என்று மரியாதையாகச் சொல்லித்தான் எடுப்பார்.

எனக்குத்தான் ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது. சில நாள் கழித்து, விஷயம்தான் முடிந்துவிட்டதே என்று குழவியைத் திருப்பிக் கேட்டேன். கங்காணி பதறிப்போனார்.

"ஐயையோ புள்ள, என்னா பேச்சு பேசுற? என் மருமவளுக்குப் பிரசவம் சொகமா நடக்கணும்னு இதுகிட்டத்தான் வேண்டிக்கிட்டேன். நேத்து பொறந்துச்சு, ஆம்பளப் புள்ள!"

"சித்தப்பா, அது என் குழவி."

"அது உன் குழவியா இருந்திச்சு" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி, அறைப்பக்கம் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டே. "பொங்கலுக்கு ஒரு சேவல் நேந்திருக்கேன். நீயும் வெல்லம் கொண்டா."

கொண்டுபோனேன். வேறு என்ன செய்வது? என் புருஷன் முன்வரிசையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் வீட்டுக்கு வந்து, அரைக்காத மிளகாயைப் பல்லாலேயே கடித்துக்கொண்டு சோறு தின்றேன்.